பிக்கப்பில் ஃபாக் லைட் ஆடுகிறதா? ஸ்க்ரூவைத் திருகும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பம்பர் மூலையில் இருக்கும் ஃபாக் லைட் (மூடுபனி விளக்கு) ஒரே நாளில் லூசாவதில்லை. முதலில் அது வெளிச்சத்தில்தான் தெரியும். இரவில் வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் ஒரு பக்கத்து வெளிச்சம் தரையில் அசையாமல் கிடக்கும், இன்னொரு பக்கத்து வெளிச்சத்தின் ஓரம் நடுங்கிக்கொண்டே இருக்கும். இதை யாரும் கவனிப்பதில்லை. அடுத்து சத்தம் வரும். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது பம்பர் மூலையில் டக் டக்கென்று கேட்கும். அதை சஸ்பென்ஷன் சத்தம் என்று நினைத்து புஷ், பால் ஜாயின்ட் என்று நல்லதையெல்லாம் கழற்றி மாற்றிக் காசைக் கொட்டியவர்கள் நிறைய. மாற்றி முடித்த பிறகும் அதே சத்தம் வரும்போது வருகிற எரிச்சலைச் சொல்லி மாளாது. கடைசிக் கட்டத்தில் லைட் வயரைப் பிடித்துக்கொண்டு தொங்கும். அதற்குள் லைட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காதுகள் உடைந்து, வயரை லைட்டோடு சேர்க்கும் கனெக்டர் இழுபட்டு, சின்னதாக முடிந்திருக்க வேண்டிய வேலை பெரிதாகிவிடும்.

ஆட்டம் தெரிந்ததும் எல்லோரும் செய்யும் முதல் காரியம் ஒன்றுதான்: ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து கண்ணுக்குத் தெரிகிற ஸ்க்ரூவைத் திருகுவது. நேரமும் காசும் போவது இங்கேதான் தொடங்குகிறது. ஏனென்றால், பல வண்டிகளில் முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் அந்த ஒற்றை ஸ்க்ரூ, லைட்டைப் பிடித்துவைப்பதே இல்லை. வெளிச்சத்தை மேலேயும் கீழேயும் நகர்த்தும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூ அது. அதன் மறுமுனை ஒரு நைலான் நட்டில் ஓடுகிறது. எவ்வளவு திருகினாலும் ஆட்டம் குறையாது. வெளிச்சம் மட்டும் எங்கேயாவது ஏறிப்போகும், அல்லது முழுக்க இறங்கிப்போகும். எல்லை தாண்டித் திருகினால் நைலானின் மரை வழித்துவிடும். அதன்பிறகு ஸ்க்ரூ சும்மா சுற்றும், லைட் தலையாட்டத் தொடங்கும். இல்லாத பழுதை நாமே உண்டாக்கியதுதான் மிச்சம். எந்த ஸ்க்ரூ எதற்கு என்று தெரியும்வரை எதையும் திருகாமல் இருப்பது நல்லது.

முதலில் எது ஆடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்குக் கை மட்டும் போதும். எஞ்சினை நிறுத்தி, லைட் ஆறிய பிறகு, கண்ணாடியின் மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு ஓரங்களிலும் விரலால் மெதுவாக அழுத்துங்கள். இன்னொரு கையைச் சுற்றியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் கவரின் மேல் வையுங்கள். கவர் மட்டும் ஆடி லைட் அசையாமல் இருந்தால் பிரச்சினை கவரின் கிளிப்பில்தான், லைட்டைத் தொடவே வேண்டாம். கவர் உறுதியாக இருந்து லைட் எல்லாப் பக்கமும் ஆடினால் லைட்டைப் பிடித்திருக்கும் போல்ட், தகட்டில் செருகி நிற்கும் கிளிப் நட், காது இவற்றில் ஏதோ ஒன்று போயிருக்கிறது. லைட் பக்கவாட்டில் அசையாமல், மேலும் கீழும் மட்டும் ஆமாம் போடுவது போல அசைந்தால் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவின் குமிழ் அதன் குழியிலிருந்து கழன்றிருக்கிறது, அல்லது நைலான் நட் தேய்ந்திருக்கிறது. கவரும் லைட்டும் சேர்ந்தே ஆடினால் பம்பரின் மூலையைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். பம்பரே ஆடினால் அதைச் சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) பிடித்திருக்கும் பிராக்கெட்டைத்தான் பார்க்க வேண்டும். இரும்பு பம்பர் உள்ள வண்டியில் இது இன்னும் அடிக்கடி நடக்கும். எல்லாம் கெட்டியாக இருந்தும் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால், பின்னால் பல்ப் சரியாகப் பூட்டாமல் இருக்கலாம். கால் சுற்று திருப்பிப் பூட்டுகிற வகை பல்ப் பாதியில் நின்றிருந்தால் இப்படித்தான் கேட்கும். உள்ளேயிருக்கும் ரிஃப்ளெக்டரே பிடிப்பு விட்டிருந்தால் அந்த லைட்டுக்கு வைத்தியம் கிடையாது.

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாததால்தான் முழு லைட்டையும் வாங்கி மாட்டிவிட்டு, உடைந்தது பிராக்கெட் என்று பிறகு கண்டுபிடிக்கிறார்கள். பல வண்டிகளில் லைட்டும் பிராக்கெட்டும் தனித்தனிப் பாகங்கள். புது லைட்டைப் பழைய உடைந்த பிராக்கெட்டில் மாட்டினால் அதுவும் ஆடத்தான் செய்யும்.

பிக்கப்பில் மட்டும் இது ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும், அப்போதுதான் செய்கிற வேலை நிற்கும். பின்னால் இருக்கும் பட்டை ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்தது. காலியாக ஓடும்போது அது வளைந்துகொடுக்காமல் ஒவ்வொரு குழியையும் சேஸிஸுக்கு அப்படியே அனுப்பிவிடும். பம்பரின் இரண்டு மூலைகளும் பிடிமானத்திலிருந்து தள்ளி நிற்பதால் அங்கேதான் உதறல் அதிகம். ஃபாக் லைட்டும் சரியாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. அதோடு லைட்டின் எடை, அதைப் பிடித்திருக்கும் காதுகளுக்கு முன்னாலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு உதறலிலும் அந்தக் காதுகளின் வேர் மடங்கி நிமிர்கிறது. முதல் விரிசலும் அங்கேதான் விழும்.

இன்னொரு காரணம் பெரும்பாலானவர்கள் கண்ணில் படுவதில்லை. பிளாஸ்டிக்கை போல்ட் வைத்து இறுக்கினால் அந்த அழுத்தத்தில் பிளாஸ்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகும், வெயிலிலும் பல்பின் சூட்டிலும் இன்னும் வேகமாக. போல்ட் சுற்றவே சுற்றாது, ஆனால் இறுக்கம் போய்விடும். இதற்காகத்தான் காதின் ஓட்டைக்குள் ஒரு சின்ன இரும்புக் குழல் வைத்திருப்பார்கள். போல்ட்டின் இறுக்கத்தை அந்தக் குழல் வாங்கிக்கொள்ளும், பிளாஸ்டிக் நசுங்காது. காதில் விரிசல் விழுந்தால் இந்தக் குழல் சத்தமில்லாமல் ரோட்டில் விழுந்துவிடும். கழற்றும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு காதில் குழல் இருந்து இன்னொன்றில் வெறும் ஓட்டை மட்டும் இருந்தால் திருடனைப் பிடித்துவிட்டீர்கள். அந்த இடத்தில் எவ்வளவு பெரிய வாஷர் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் சில நாளில் மறுபடி ஆடும்.

கழற்றும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வண்டியைச் சமதளத்தில், சுவருக்கு நேராக நிறுத்தி, நன்றாக இருக்கும் பக்கத்து ஃபாக் லைட்டின் வெளிச்சம் சுவரில் எந்த உயரத்தில் வெட்டி நிற்கிறது என்று டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். வேலை முடிந்த பிறகு ஆடிய பக்கத்தை இதற்குச் சமமாகக் கொண்டுவர உதவும். 

பிறகு லைட்டை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். வயரிலும் கை வைப்பதாக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். ஹாலஜன் பல்ப் கையைச் சுடும் சூட்டில் இருக்கும், ஆறட்டும். லைட்டின் பின்பக்கம் கை போக மூன்று வழிகள் உண்டு: முன்னால் கவரைக் கழற்றி, கீழே பம்பர் அடித்தட்டைக் கழற்றி, அல்லது சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் லைனரின் முன்பகுதியை விலக்கி. எது உங்கள் வண்டிக்கு என்பது போல்ட் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டார்ச் அடித்துக் கீழிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். லைனர் வழியாகப் போவதென்றால் இடது லைட்டுக்கு ஸ்டியரிங்கை முழுக்க வலது பக்கம் ஒடியுங்கள், வலது லைட்டுக்கு இடது பக்கம். டயரின் முன் ஓரம் உள்ளே போய் கைக்கு இடம் கிடைக்கும். பிக்கப் உயரமான வண்டி என்பதால் பெரும்பாலும் தூக்கவே வேண்டியதில்லை. தூக்கித்தான் ஆகவேண்டுமென்றால் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. ஸ்டாண்ட் வைத்து, பின்சக்கரத்துக்கு அடை கொடுத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும்.

லைனரையும் அடித்தட்டையும் பிடித்திருப்பவை பிளாஸ்டிக் கிளிப்புகள். நடுவில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ஒரு வகையில் அந்தப் பொத்தானைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி மேலே எழுப்பிய பிறகுதான் முழுக் கிளிப்பும் வரும். இன்னொரு வகையில் பொத்தானை உள்ளே அழுத்தினால்தான் கால்கள் சுருங்கும். இது தெரியாமல் முழுதாகப் பிடித்து இழுத்தால் கால்கள் உடைந்துவிடும். குளிரில் பிளாஸ்டிக் மொறமொறவென்று உடையும், வெயில் பட்ட பிறகு வேலையை ஆரம்பிப்பது நல்லது. பழைய வண்டியில் எப்படிக் கழற்றினாலும் சில உடையத்தான் செய்யும். ஓட்டையின் விட்டத்தை அளந்து அதே அளவில் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் வேலை பாதியில் நிற்காது.

முன்பக்கக் கவரைக் கழற்றுவதில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. பல கவர்களில் வெளியே கிளிப் மட்டும் தெரியும், உள்ளே லைனர் பக்கத்திலிருந்து ஒரு ஸ்க்ரூ மறைந்து பிடித்திருக்கும். பம்பரின் பெயின்ட் மேல் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் நெம்புகோலால் ஒரு ஓரத்தைக் கிளப்புங்கள். இரண்டு கிளிப் விட்டுவிட்டு மூன்றாவது இடத்தில் கவர் வில்லாக வளைந்தால் அதற்கு மேல் இழுக்காதீர்கள். அங்கே ஸ்க்ரூ இருக்கிறது. கவரின் கிளிப்புகள் கவரோடு சேர்த்து வார்த்தவை, உடைந்தால் முழுக் கவரையும்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

லைட்டின் போல்ட்டுகள் பெரும்பாலும் எம்6 (6 மி.மீ. மரை), அதற்கு 10 மி.மீ. சாக்கெட். சில வண்டிகளில் 7 மி.மீ. தலை உள்ள ஸ்க்ரூ, அல்லது நட்சத்திரத் தலை. சேறும் உப்பும் பட்டுத் துருப்பிடித்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் வெளியே நீட்டியிருக்கும் மரையைத் தேய்த்துவிட்டு, துரு இளக்கும் ஆயிலை நட்டின் பின்பக்கமாக விட்டுக் காத்திருங்கள். முதலில் நூலளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். அறுபக்க சாக்கெட்டையே பயன்படுத்துங்கள், பன்னிரண்டு மூலை சாக்கெட் துருப்பிடித்த தலையை வழுக்கி உருட்டிவிடும். ஆயில் லென்ஸ் மேல் படாமல் ஒரு துணியைச் சுற்றிவிடுங்கள். இப்போதைய லென்ஸ்கள் பெரும்பாலும் பாலிகார்பனேட். ஆயில், பெட்ரோல், தின்னர் பட்டால் மெல்லிய ரோமம் போல விரிசல்கள் ஓடும், பிறகு அதைத் தேய்த்து எடுக்க முடியாது. போல்ட் சுற்றியும் வெளியே வராவிட்டால் பின்னால் இருக்கும் கிளிப் நட் கூடவே சுற்றுகிறது. நீள மூக்கு இடுக்கியால் அதைப் பிடித்துக்கொண்டு திருகினால் வரும். நெருப்பு காட்டும் யோசனை வேண்டாம், சுற்றிலும் பிளாஸ்டிக்.

கழன்று கைக்கு வந்த பிறகு எது போயிருக்கிறது என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும். பெரும்பாலும் போயிருப்பது கிளிப் நட்தான். தகட்டின் ஓரத்தில் செருகி நிற்கும் 'ப' வடிவ நட் அது. வாய் அகன்றுபோனால் மாற்றிவிடுங்கள், நசுக்கித் திரும்பப் போடுவது நிற்காது. வாங்கும்போது இரண்டு அளவு வேண்டும்: போல்ட்டின் மரை, அது ஏறி உட்காரும் தகட்டின் தடிமன். தடிமன் பொருந்தாத நட் முதல் நாளே ஆட்டம் கொடுக்கும். தகட்டின் ஓட்டை பெரிதாகியிருந்தால் இரண்டு பக்கமும் அகல வாஷர் போடலாம், எம்6 போல்ட்டுக்கு 18 மி.மீ. வெளிவிட்டம் உள்ளது கிடைக்கும். குழல் விழுந்திருந்தால் போல்ட் நுழையும் அளவுக்குத் துளையுள்ள சின்ன இரும்புக் குழாயை வெட்டி, காதின் தடிமனைவிட நூலளவு குறைவாக அரம் வைத்துத் தேய்த்துப் போடுங்கள். நீளம் அதிகமானால் போல்ட் குழலில் முட்டி நின்றுவிடும், காது நடுவில் சும்மா கலகலக்கும்.

காது உடைந்திருந்தால் முதலில் அதன் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பாருங்கள். பிபி என்றிருந்தால் அது பாலிப்ரொப்பிலீன். சூப்பர் குளூவும் சாதாரண எபாக்சியும் அதில் ஒட்டவே ஒட்டாது. ஒட்டியது போல நிற்கும், முதல் குழியில் பெயர்ந்துவரும். ஏபிஎஸ் (இன்னொரு வகைப் பிளாஸ்டிக்) என்றிருந்தால் எபாக்சி பிடிக்கும், ஆனால் காதின் வேரில் வரும் உதறலுக்கு அது மட்டும் போதாது. சால்டரிங் அயனால் மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பி வலையைப் பிளாஸ்டிக்குக்குள் உருக்கிப் பதிப்பது இதைவிட நல்ல வழி. காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும், அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது. அதற்கு மேலும் ஒரு அலுமினியப் பட்டை கொடுத்துவிட்டால்தான் எனக்கு நம்பிக்கை வரும். 2 மி.மீ. தடிமன், 20 மி.மீ. அகலத்தில் வெட்டி, உடைந்த காதின் வடிவத்துக்கு வளைத்து, எம்5 போல்ட் இரண்டைப் பூட்டு நட்டோடு போடுங்கள். துளை போடும் இடத்தில்தான் கவனம் வேண்டும். காதின் அடிப்பகுதியிலோ வெளியே நிற்கும் விலாவிலோ மட்டும் துளையிடலாம். லைட்டின் கூட்டுக்குள் துளை இறங்கினால் உள்ளே தண்ணீர் போகும், ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு உரியும். ஆட்டம் நின்ற லைட் வெளிச்சம் தராமல் போய் என்ன பயன்? பட்டை பிடிக்க அப்படி ஒரு இடம் இல்லையென்றால் புதிது வாங்கிவிடுவதே மேல்.

மூன்று காதில் ஒன்றுதான் உடைந்திருக்கிறது, மற்ற இரண்டு தாங்கும் என்று விட்டுவிடாதீர்கள். மீதி இரண்டும் கீல் ஆகிவிடும், லைட் அதைச் சுற்றி ஆடி அந்தக் காதுகளையும் முறிக்கும். கேபிள் டை போட்டுக் கட்டுவது வீடு போய்ச் சேர்வதற்கு. அதையும் லைட்டின் கூட்டையும் பிராக்கெட்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும், வயரோடு சேர்த்து அல்ல. இரட்டைப் பக்க டேப் பல்பின் சூட்டில் இளகிவிடும். சிலிகானைப் பின்னால் பூசி அப்பிவிடும் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒன்று. லைட்டின் முதுகில் மூச்சு விடுவதற்கு ஒரு சின்ன ரப்பர் மூடியோ வளைந்த குழாயோ இருக்கும். அதைச் சிலிகான் அடைத்தால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் நிற்கும். அடுத்தமுறை பல்ப் மாற்றக் கத்தி வைத்து அறுக்க வேண்டிவரும்.

அட்ஜஸ்ட் ஸ்க்ரூவின் குமிழ் கழன்றிருந்தால் துணி சுற்றிய இடுக்கியால் அதன் குழியில் நேராக வைத்து அழுத்துங்கள், டக்கென்று உட்காரும். குழியின் விளிம்பு பிளந்திருந்தால் மறுபடி கழலும், பிராக்கெட்டையோ அந்த நைலான் துண்டையோ மாற்றத்தான் வேண்டும்.

போல்ட் மறுபடி தளராமல் இருக்க மரையில் பூசும் திரவ லாக்கைப் பயன்படுத்தும் ஆசை வரும். இந்த இடத்தில் அது ஆபத்து. ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கில் அந்தத் திரவம் பட்டால் இறுக்கத்தில் இருக்கும் காது தானாகவே வெடித்துப் பிளக்கும். இரும்பும் இரும்பும் சேரும் பம்பர் பிராக்கெட்டில் பூசுங்கள். லைட்டின் காது பக்கம் நைலான் வளையம் உள்ள பூட்டு நட்டே போதும். இறுக்கும் அளவும் இரண்டு இடத்தில் இரண்டு விதம். இரும்போடு இரும்பு சேரும் எம்6 போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர். பிளாஸ்டிக் காதில் அவ்வளவு கொடுத்தால் உடையும். அங்கே நீளக் கைப்பிடி ராட்செட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் பிடியில் சாக்கெட்டை மாட்டி, போல்ட் உட்கார்ந்ததும் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலால் ஏற்றிவிட்டு, லைட் தானாக நேராக உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததைத் துளைக்கு இழுத்துக் கொண்டுவந்தால், முறுக்கிய நிலையிலேயே லைட் நிற்கும். கொஞ்ச நாளில் அங்கே விரிசல்.

புது லைட் வாங்குவதாக இருந்தால் அவசரப்படாதீர்கள். ஒரே மாடல் பிக்கப்பில் வருடம் மாறினால் பம்பர் மாறும், பம்பர் மாறினால் காதுகளின் இடம் மாறும். பழையதைக் கையில் வைத்துக்கொண்டு காதுகளின் இடைவெளி, பல்ப் வகை, கனெக்டரின் வடிவம் மூன்றையும் ஒப்பிடுங்கள். இடது வலது என்று தனித்தனியாக இருக்கும், அதையும் பாருங்கள். எச்11 வகை பல்ப் போடும் இடத்தில் எச்8 பல்ப் வரும் லைட்டைக் கொடுத்துவிடுவார்கள். முன்னது 55 வாட், பின்னது 35. மலிவான நகல் லைட்டில் ஓட்டைகள் ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி இருப்பது சகஜம். போல்ட்டால் இழுத்துப் பொருத்தாமல் அரம் வைத்து ஓட்டையைச் சற்று நீட்டிவிட்டு அகல வாஷர் போடுங்கள். மாட்டும் முன்னாலேயே அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்து லைட் உண்மையில் நகர்கிறதா என்று பாருங்கள். மாட்டிய பிறகு தெரிந்தால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அந்த நேரத்தில் வரும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஹாலஜன் கூட்டில் விசிறி வைத்த எல்இடி பல்பைப் போடுவதையும் நான் தவிர்ப்பேன். பின்னால் எடை கூடி உதறல் கூடும், வெளிச்சமும் ஒழுங்காக வெட்டி நிற்காமல் சிதறும்.

ஆடிய லைட் வயரையும் ஆட்டியிருக்கும். கனெக்டரைக் கழற்றி ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். உறை முழுதாக இருக்கும், உள்ளே இழைகள் அறுந்திருக்கும். அந்த இடம் இழுத்தால் ரப்பர் போல நீளும். முனையில் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து, கனெக்டருக்கான கிரீஸ் கொஞ்சம் வையுங்கள். கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தால் அங்கே சூடேறியிருக்கிறது, முனையை மாற்றுங்கள். 12 வோல்ட்டில் 55 வாட் பல்ப் ஒன்று சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும், இரண்டும் சேர்ந்து 9.2. அதற்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் வயர் எங்கோ உரசி இரும்பில் படுகிறதா என்று பாருங்கள், பெரிய ஃபியூஸ் போடுவது தீப்பிடிக்க வழி. லைட் எரியும்போதே மல்டிமீட்டரில் பேட்டரி முனையையும் கனெக்டரையும் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எர்த் போல்ட்டையும் முனைகளையும் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். திரும்ப மாட்டும்போது வயரில் கொஞ்சம் தளர்வு விட்டு, கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு தொங்குமாறு கட்டுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது. பல்பின் கண்ணாடியை விரலால் தொட்டிருந்தால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள், பல்பின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் முறுக்காமல் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது வெளிச்சத்தின் உயரம். பலரும் இதைச் செய்யாமலேயே லைனரை மூடிவிடுகிறார்கள். எதிரே வருகிறவன் ஹெட்லைட்டை அடித்து அடித்துக் காட்டும்போதுதான் தெரியும். டயர் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். ஃபாக் லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் ஒரு டேப், அதற்கு 10 செ.மீ. கீழே இன்னொரு டேப். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ் டேப்பில் நிற்க வேண்டும்.

பிக்கப்பில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 7.5 மீட்டருக்கு 10 செ.மீ. இறக்கம் என்றால் சுமார் 1.3 சதவீதச் சரிவு. சக்கர இடைவெளி 3 மீட்டர் உள்ள வண்டியில் பாரம் ஏற்றிப் பின்பக்கம் 5 செ.மீ. அமுங்கினால் மூக்கு 1.7 சதவீதம் தூக்கும். அதே சுவரில் வெளிச்சம் 12 செ.மீ.க்கு மேல் ஏறிவிடும். காலி வண்டியில் அழகாக வைத்த விளிம்பு, பாரத்தோடு போகும்போது லைட்டின் உயரத்தையே தாண்டி எதிரே வருகிறவர் கண்ணில் விழும். அதனால் வண்டி வழக்கமாக என்ன பாரத்தோடு ஓடுமோ அதே பாரத்தோடு நிறுத்தி அளவு வையுங்கள். சில நாள் காலி, சில நாள் பாரம் என்றால் பாரத்துக்கே வைத்துவிடுங்கள். காலியாக ஓடும்போது வெளிச்சம் கொஞ்சம் கிட்டே விழும், மூடுபனியில் அது குறையே இல்லை. பெரும்பாலான ஃபாக் லைட்டுகளில் மேலும் கீழும் மட்டுமே நகர்த்த முடியும். பக்கவாட்டில் கோணலாக இருந்தால் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைக் குறை சொல்லாமல் போல்ட்டைத் தளர்த்தி லைட்டை மறுபடி நேராக உட்காரவைக்க வேண்டும்.

லைனரை மூடும் முன் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பிராக்கெட் வரை வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். மோசமான ரோட்டில் சில நாள் ஓடிய பிறகு கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் போதும், எதையும் கழற்ற வேண்டாம். கோடு நேராக இருந்து லைட்டும் கெட்டியாக இருந்தால் சரி. கோடு விலகியிருந்தால் போல்ட் சுற்றியிருக்கிறது, நட்டை மாற்றுங்கள். கோடு நேராக இருந்தும் லைட் ஆடினால் போல்ட்டை மேலும் இறுக்காதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் நசுங்கியிருக்கிறது, குழலின் நீளத்தைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.